கொண்டை இல்லாத கேனரி

விக்கிரமங்கலத்தில் என் சித்தப்பா பையன் போன வருஷம் ஒரு ஜோடி கிளாஸ்டர் கேனரி வாங்கினான். ரெண்டுக்கும் கண்ணை மறைக்கிற மாதிரி கொண்டை. "ஜோடின்னா ஒரே மாதிரிதானே அண்ணே இருக்கணும்?" என்றான். கடைக்காரர் சொல்லிக் கொடுத்தது. அடைகாத்த முட்டைகளில் சில பொரிக்கவில்லை. தீனியை மாத்தினான், கூண்டை மாத்தினான். ஜோடியை மட்டும் சந்தேகப்படவில்லை.

இந்தப் பறவையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் கொண்டையை மட்டுமே பேசுகிறார்கள். "பீட்டில்ஸ் முடி" என்று ஒரு உவமை வேறு. எனக்கு இதில் உடன்பாடில்லை. கிளாஸ்டரில் இரண்டு வகை: கொண்டை உள்ளது கொரோனா (2020-க்குப் பிறகு இந்தப் பேரைச் சொன்னாலே வீட்டில் முறைக்கிறார்கள், அர்த்தம் கிரீடம்தான்), வழுக்கலான தலை உள்ளது கான்சார்ட், அதாவது அரசகுடும்பத் துணை. பேர் வைத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது, ஒன்றில்லாமல் மற்றது நிற்காது என்று.

காரணம் மரபணு. கொண்டைக்கான மரபணு ஒரு பிரதி இருந்தால் கொண்டை வரும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்து இரண்டு பிரதி சேர்ந்தால் குஞ்சு பிழைக்காது. கொரோனாவோடு கொரோனா சேர்த்தால் கணக்குப்படி நாலில் ஒன்று போய்விடும். கொரோனாவோடு கான்சார்ட் சேர்த்தால் பாதிக்குப் பாதி, நஷ்டம் இல்லை. கான்சார்ட் இரண்டு சேர்ந்தால் கொண்டையே வராது. எங்கள் தொழில் பாஷையில், இரண்டு கொடியும் ஆன் ஆனால் கிராஷ்.

பிறப்புக் கதையையும் இப்படித்தான் சுருக்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் கிளாஸ்டர்ஷயரில், செல்ட்னம் ஊர்க்காரர் திருமதி ரோஜர்சன், கொண்டையுள்ள ரோலர் கேனரியைச் சின்ன பார்டர் கேனரியோடு சேர்த்தார். 1925-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் அவற்றைப் பார்த்து, இது தனி இனம் ஆகும் என்று கண்டுகொண்டவர் நடுவர் ஏ.டபிள்யூ. ஸ்மித். ஸ்காட்லாந்தின் ஜான் மெக்லேயும் கொண்டைக் கேனரியைச் சிறிதாக்கும் அதே வேலையில் இருந்தார். பெரும்பாலான குறிப்புகள் முதல் பேரோடு நின்றுவிடுகின்றன.

என் கண்ணுக்கு அழகு அந்த உருண்டைக் குட்டி உடம்பில்தான் இருக்கிறது. சுமார் 12 செ.மீ.தான். அது கான்சார்ட்டுக்கும் உண்டு. கொண்டைதான் வேண்டுமென்றால் வேலியில் கொண்டைக்குருவி உட்கார்ந்திருக்கிறது, பார்க்கக் காசு கேட்பதில்லை.

தம்பி இப்போது கொண்டையில்லாத பெட்டை ஒன்று தேடுகிறான். விலை போகாது என்று கடையில் கொண்டுவருவதே இல்லையாம்.