கூரைக்கு விழும் கைதட்டல்

அமெரிக்கப் பாடகர்கள் கில்லியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் இருவரும் சேர்ந்து தந்த ‘வுட்லேண்ட்’ ஆல்பம் 2024 ஆகஸ்டில் வந்தது. அடுத்த பிப்ரவரியில் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியையும் வாங்கிவிட்டது. அன்றிலிருந்து இவர்களுடைய ரசிகர்களிடம் பேச்சுக் கொடுக்கவே தயக்கமாக இருக்கிறது. பாட்டு எப்படி என்று கேட்டால் புயல் கதை சொல்கிறார்கள். 2020 மார்ச்சில் நாஷ்வில் நகரத்தைச் சூறையாடிய சுழற்காற்று இவர்களுடைய வுட்லேண்ட் ஸ்டுடியோவின் கூரையைப் பிய்த்துப்போட்டது. இருட்டிலும் மழையிலும் இருவரும் ஒலிநாடாக்களைச் சுமந்து வெளியேற்றினார்கள். நெகிழவைக்கும் சம்பவம்தான். அதற்காகக் கூரை போன வீட்டில் பிறந்த பாட்டெல்லாம் நல்ல பாட்டாகிவிடுமா?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு குரல்களும் இழைவதுபோல் இழையும் வேறு ஜோடி இன்றைய அமெரிக்க இசையில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ராலிங்ஸின் 1935 மாடல் எபிஃபோன் கிடார், மெட்டின் ஓரத்தில் நின்று சண்டைக்கு இழுப்பதுபோல் வாசிக்கிறது. மறைந்த பாடலாசிரியர் கை கிளார்க்கை நினைத்து எழுதிய ‘ஹாஷ்டேக்’ ஒன்றே ஆல்பத்தின் விலைக்குத் தகும். பரிசில் எனக்குப் புகார் இல்லை.

என் புகார் ஒரு சொல்லின்மேல். ‘அசல்’. இந்த ஆல்பத்தைப் புகழ்கிற யாரும் அந்தச் சொல்லைத் தொடாமல் போவதில்லை. இரண்டு குரல், இரண்டு கிடார், கலப்படம் கிடையாது என்கிறார்கள். ஆல்பத்தைப் போட்டுக் கேளுங்கள். முதல் பாட்டிலேயே டிரம்ஸும் பேஸும் வந்துவிடுகின்றன. ‘வாட் வீ ஹேட்’ பாட்டில் வயலின் கூட்டமே இறங்குகிறது. எழுபதுகளின் கலிஃபோர்னியா ரேடியோவைத் திருப்பிவிட்டதுபோல் இருக்கிறது. ரசிகர்கள் வர்ணிப்பது ‘டைம் (த ரெவலேட்டர்)’ என்ற 2001-ஆம் வருடத்து ஆல்பத்தை. இருபத்து மூன்று வருடத்துக்கு முந்தைய மணமகனைச் சொல்லி இன்றைய கல்யாணத்துக்கு வாழ்த்துப்பா வாசிக்கிறார்கள். அந்த வயலின்கள் தேவைதானா, வரிகள் செய்யாமல் விட்ட வேலையை அவை செய்யப் பார்க்கின்றனவா என்று கேட்கலாம். செய்யப் பார்க்கின்றன என்பது என் கட்சி. ஆனால் அசல் என்று முத்திரை குத்திய பொருளில் இப்படியொரு கேள்விக்கு இடமே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இதே சொல்லால்தான் வெல்ச் ஒரு காலத்தில் அடி வாங்கினார். 1996-இல் ‘ரிவைவல்’ வந்தபோது, லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர், தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு இசை எழுதிய பெற்றோரின் மகள், பாஸ்டனில் பெர்க்லி இசைக்கல்லூரியில் படித்தவர், சாராயம் காய்ச்சுகிறவனையும் குத்தகை விவசாயியையும் எப்படிப் பாடலாம் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். ரசிகர்கள் அன்று சரியான பதிலைத்தான் சொன்னார்கள்: பாடுகிறவர் வேறு, பாட்டில் வருகிற ஆள் வேறு, இது எழுத்து, கற்பனை. அன்று முறித்துப் போட்ட அந்தக் கோலையே இன்று ஒட்டவைத்து எடுத்து வந்து இவர்களை அளந்து பூரிக்கிறார்கள்.

அந்தக் கோலைச் செய்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. 1920-களில் நாஷ்வில் வானொலியின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’யில் வாசித்த ஹம்ஃப்ரி பேட் ஒரு மருத்துவர். அவருடைய குழுவினர் கோட்டு சூட்டு அணிந்து படம் எடுத்துக்கொண்டவர்கள். நிகழ்ச்சியை நடத்திய ஜார்ஜ் ஹே குழுவுக்கு ‘பாஸம் ஹன்டர்ஸ்’ என்று காட்டுத்தனமான பெயர் சூட்டி, பண்ணையாட்களின் ஓவரால்ஸை மாட்டிவிட்டு, சோளக்காட்டில் நாயோடு நிறுத்திப் படம் எடுக்கவைத்தார். சனங்களுக்கு வேண்டிய கிராமம் அப்படித்தான் தயாரானது. இன்னொரு பக்கம், கன்ட்ரி இசையின் மூலஸ்தானமாகக் கொண்டாடப்படும் கார்ட்டர் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ. பி. கார்ட்டர் மலைப்பகுதியெங்கும் பாட்டு சேகரிக்கப் போனபோது மெட்டுகளை மனத்தில் பிடித்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிடார் கலைஞர். உரிமையில் கார்ட்டர் பெயர் ஏறியது, ரிடிலின் பெயர் ஏறவில்லை. பாஞ்சோவே மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவில் வந்த வாத்தியம். ‘அசல்’ என்ற சொல்லுக்குள் இவர்கள் யாரும் வெகுகாலம் நுழைய முடியவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குச் சோளக்காட்டில் நிற்கும் அந்த டாக்டர்தான் ஞாபகம் வருகிறார்.

கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரிகிறது. ரசிகர்கள் எல்லோரும் காது கேளாதவர்கள் அல்ல. ஆனால் என் நண்பர் ஒருவர் இருக்கிறார். வெல்ச்சும் ராலிங்ஸும் இசைத்தட்டு வெட்டும் இயந்திரத்தையே சொந்தமாக வாங்கி வைத்திருப்பதைப் பற்றி எனக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தார். இரண்டாம் பக்கத்தில் உங்களுக்குப் பிடித்த பாட்டு எது என்றேன். எழுந்துபோய் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். கடைசிப் பாட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் பாதியில் திறந்து, “இதுவும் அந்த ஸ்டுடியோவிலேயே எடுத்ததுதானே?” என்றார்.