பெயர் அழிந்தால் குடும்பம் அழியுமா?

1875இல் லண்டன் மானுடவியல் ஆய்விதழ் ஒன்றில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. 'குடும்பங்கள் அழிந்துபோவதன் நிகழ்தகவு' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர்கள் பிரான்சிஸ் கால்டன், பாதிரியாரும் கணிதருமான ஹென்றி வில்லியம் வாட்சன். 'கிளைத்தல் செயல்முறை' என்ற கணிதம் இன்றும் இவர்கள் பெயரைச் சுமக்கிறது. நான் இதை ஒரு காலத்தின் கவலையாகவும் வாசிக்கிறேன்.

இங்கிலாந்தில் புகழ்பெற்ற குடும்பங்களின் பெயர்கள் மறைந்துகொண்டிருந்தன. வசதியும் அறிவும் கூடக்கூடப் பிள்ளைப்பேறு குறைகிறதா, இல்லை இது வெறும் தற்செயலா? 1873இல் கால்டன் இதை ஒரு பத்திரிகையில் புதிராகவே போட்டார். வயதுவந்த ஆண்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஆளுக்கொரு குடும்பப் பெயர். இத்தனை பேருக்கு மகன் இல்லை, இத்தனை பேருக்கு ஒரு மகன், இப்படி ஐந்துவரை. சில தலைமுறை கழித்து எத்தனை பெயர் மறைந்திருக்கும்?

வாட்சனின் வழி அழகானது. ஒருவனின் கிளை அழிய வேண்டுமென்றால் அவனுடைய ஒவ்வொரு மகனின் கிளையும் தனித்தனியே அழிய வேண்டும். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் எல்லாப் பெயரும் என்றாவது அழிந்தே தீரும் என்று முடிக்கும்போது கட்டுரை சறுக்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மகன் இல்லாமலிருக்க வாய்ப்பு கால், ஒரு மகனுக்குக் கால், இருவருக்கு அரை. சராசரி 1.25. அழியும் வாய்ப்பு 'அ' என்றால், அ = 1/4 + அ/4 + அ²/2. இதற்கு இரண்டு விடை: 1, 1/2. எப்போதும் கிடைக்கிற 1ஐ எடுத்துக்கொண்டு வாட்சன் நின்றுவிட்டார். சரியான விடை சிறியதுதான்: பாதிப் பெயர்கள் தப்பிவிடும். சராசரி 1ஐத் தாண்டாதவரை அழிவு நிச்சயம். தாண்டியதும் பிழைக்க வழி பிறக்கிறது. இதைத்தான் நிலைமாற்றம் என்கிறார்கள். சரியாக 1 என்ற எல்லையில் இன்னும் விசித்திரம். எல்லோருக்கும் தவறாமல் ஒரே மகன் என்றாலொழிய, எதிர்பார்க்கப்படும் வாரிசு எண்ணிக்கை குறையாமலே இருக்கும். ஆனாலும் அழிவு உறுதி.

பிரான்சின் பியென்னமே 1845லேயே இந்த எல்லையைச் சரியாகச் சொல்லியிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. முழுத் தீர்வு 1930இல் டென்மார்க்கின் ஸ்டெஃபென்சனிடமிருந்து வந்தது. 1801க்கும் 1851க்கும் இடையே இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகை இரட்டிப்பாகியிருந்தது. பெருகும் ஜனங்கள் நடுவே உட்கார்ந்து 'எல்லாம் அழியும்' என்று எழுத முடிந்திருக்கிறது! கவலை முந்திக்கொண்டால் கண்ணெதிரே இருப்பதும் தெரியாது போல.

என் பெரிய குறை தலைப்பின் மீது. தலைப்பு 'குடும்பம்' என்கிறது. உள்ளே எண்ணப்படுவது பெயர் மட்டும். மகள்கள் கணக்கிலேயே வரவில்லை. மலேசியத் தமிழர்களாகிய நம் அடையாள அட்டையைப் பாருங்கள். ஏ/எல், ஏ/பி போட்டுப் பெரும்பாலும் அப்பா பெயர்தான் ஒட்டியிருக்கும். தாத்தா பெயர் அடுத்த தலைமுறையிலேயே விழுந்துவிடும். கால்டன் கணக்கில் நாமெல்லாம் எப்போதோ அழிந்தவர்கள். இருக்கிறோமே!

1883இல் 'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரும் இதே கால்டன்தான். உயர்ந்த குடும்பங்களுக்காக அவர் கவலைப்பட்டார். ஆனால் வாட்சனின் சமன்பாட்டுக்குப் பிரபுவும் ஒன்றுதான், கூலிக்காரனும் ஒன்றுதான். மகன்களின் எண்ணிக்கை மட்டுமே அதற்குத் தெரியும். இந்தக் கட்டுரையை நான் மதிப்பது அதற்காகத்தான். பத்துப் பக்கம்கூட வராது, தேடி வாசியுங்கள்.