குதிரைக்குப் பயமில்லை

இங்கிலாந்தில் ஜிசிஎஸ்இ இலக்கியத் தேர்வில் மாணவர் முன்பின் பார்த்திராத கவிதை ஒன்றைக் கொடுத்து அலசச் சொல்வார்கள். அதற்குப் பழக்க வால்டர் டி லா மேரின் ‘தி லிஸனர்ஸ்’ (1912) அருமையான கவிதை. நிலவு, காட்டு வீடு, ஆவிகள் என்று கோதிக் சாமான்களைப் பட்டியல் போடவைப்பது சுலபம், கவிதைதான் செத்துப்போகும். கெட்டிக்கார ஆசிரியர் பயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்க மாட்டார். சத்தங்களை மட்டும் வரிசையாகக் குறிக்கச் சொல்வார்: கதவு தட்டல், குதிரை புல் மேய்தல், தலைக்கு மேல் பறவை எழும்புதல், மறுபடி தட்டல், கடைசியில் கல்லில் லாடம். ‘குதிரை மட்டும் சாவகாசமாக மேய்கிறதே?’ என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், வகுப்பு சூடுபிடித்துவிடும். ‘வாக்கைக் காப்பாற்றினேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறானே குதிரையில் வந்து கதவைத் தட்டியவன், அவன் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்திருந்தான்? கவிஞர் சொல்லவில்லை, மணியடித்தாலும் ஆசிரியர் சொல்லிவிடக் கூடாது.