போலி ஏதுவாகும் உறவுமணம்: மரபணு ஆலோசனை உரையில் காரணம் கூறும் முறை

மரபணு ஆலோசனை என்னும் தொடரை 1947இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஷெல்டன் ரீட் வழக்கிற்குக் கொணர்ந்தார். இன்ன முடிவை எடுங்கள் என்று ஆலோசகர் பணித்தலாகாது என்பது இத்துறையின் நெடுநாள் நெறி. அந்நெறி முடிவெடுக்கும் உரிமையைப் பற்றியது. மருத்துவ முடிபுக்குக் காரணம் காட்டும் கடமையிலிருந்து அது எவரையும் விடுவிப்பதில்லை. இவ்விரண்டும் எளிதில் குழம்புகின்றன.

பீட்டா தலசீமியா உள்ள குழந்தையின் பெற்றோரிடம் கூறப்படுவதை எடுத்துக்கொள்வோம். இருவரும் அந்நோய்க்குரிய மரபணு மாற்றத்தைத் தாங்கியுள்ளீர்கள் என்பது முதற்கூற்று. அடுத்த குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு என்பது இரண்டாவது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் விரிக்கும் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றைக் கொண்டு நோக்கின், முதற்கூற்று புகையால் நெருப்பை அறிவது போன்றது. குருதியில் ஹீமோகுளோபின் ஏ2 அளவைச் சோதித்து அதனை உறுதிசெய்யலாம். இரண்டாவது அத்தகைய துணிபு அன்று. இரண்டையும் ஒரே குரலில் கூறினால் ‘நான்கில் ஒன்று’ எண்ணிக்கையாகிவிடுகிறது: ஒன்றுக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு அச்சமில்லை என்று கேட்போர் கொள்வர். திட்டாந்தம் இன்றியமையாத இடம் இது. தந்தைக்கு ஒரு நாணயம், தாய்க்கு ஒரு நாணயம். ஒவ்வொரு கருவிலும் இரண்டையும் புதிதாகச் சுண்டுகிறோம். இரண்டிலும் பூ விழுந்தால் மட்டுமே நோய். முன்பு விழுந்ததை நாணயம் அறியாது.

இதனினும் கடுமையான குறை, ‘சொந்தத்தில் மணந்ததால் வந்தது’ என்னும் விளக்கம். ஒரு மூதாதையின் ஒரே மரபணுப் படி இருவழியாகவும் குழந்தையை அடையும் வாய்ப்பு, மாமன் மகளை மணந்தால் 16இல் 1. தாய்மாமனே அக்காள் மகளை மணந்தால் 8இல் 1. சோதனைக்கு முன் இது பொருளுடைய செய்தி. இருவரும் மாற்றத்தைத் தாங்கியோர் எனத் தெளிந்தபின், உறவினராயினும் அயலாராயினும் வாய்ப்பு அதே 25 விழுக்காடுதான். உறவில் மணந்தோர் பலருக்கு நலமான குழந்தைகள் உள்ளனர். அயலில் மணந்தோர்க்கும் இந்நோய்க் குழந்தைகள் பிறக்கின்றனர். இருபுறமும் செல்லும் இத்தகைய ஏதுவை அளவை நூலார் அநைகாந்திகம் என்பர். ஆயினும் இச்சொல் வீட்டிற்குச் சென்றதும் மணம் பேசியவர் யார் என்னும் வழக்காக மாறுகிறது. பெரும்பாலும் அது பெண்ணின் தலையில் விழும்.

உறவு மெய்யான ஏதுவாக நிற்கும் இடம் வேறு. அத்தம்பதியரின் உடன்பிறந்தாரும், உறவுக்குள் மணம் பேசப்படும் இளையோரும் குருதிச் சோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதற்கு அதுவே வலிய காரணம். இவ்வுரையில் உறவு பேசப்பட வேண்டியது அங்கேதான்.