கம்பியில்லாப் பிளாஷ் டிரிக்கர்: பார்க்க வேண்டியது தூரமா, நேரமா?

காமிராவின் தலைமேல் பிளாஷ் விளக்கைப் பொருத்தி எடுத்த ஒரு படத்தை உற்றுப் பாருங்கள். முகம் தட்டையாக இருக்கும். மூக்கின் எடுப்பும் கன்னத்தின் வளைவும் தெரியா. ஒளி செல்லும் திசையும் காமிரா பார்க்கும் திசையும் ஒன்றாக இருப்பதால், பொருளுக்கு உருவம் கொடுக்கும் நிழல்கள் பொருளின் பின்னாலேயே மறைந்துவிடுகின்றன. அதே விளக்கைக் கழற்றி, இரண்டு மீட்டர் பக்கவாட்டில், சற்று உயரத்தில் நிறுத்துங்கள். முகத்துக்கு உருவமும் ஆழமும் வந்துவிடும்.

விளக்கைப் பிரித்தவுடன் ஒரு கேள்வி எழுகிறது. ஷட்டர் திறக்கும் அந்தக் கணத்தில், 'இப்போது ஒளிர்' என்று விளக்குக்குச் சொல்வது யார்? அந்த வேலையைச் செய்வதுதான் டிரிக்கர் என்னும் தூண்டு கருவி. இதன் ஒரு பகுதி காமிராவின் மேல் அமர்ந்து செய்தியை அனுப்புகிறது. அதைப் பரப்பி என்போம். மற்றொரு பகுதி விளக்கில் இருந்து செய்தியைப் பெறுகிறது. அதை ஏற்பி என்போம்.

கடையில் இக்கருவிகளின் பெட்டிகளைப் புரட்டினால் பெரிய எழுத்தில் கண்ணில் படுவது தூரக் கணக்கு. ஒன்று 30 மீட்டர் என்கிறது. மற்றொன்று 100 மீட்டர் என்கிறது. வாங்குபவரும் 100 பெரியதாயிற்றே என்று அதை எடுத்துக்கொள்கிறார். இந்தத் தேர்வு முறை தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். டிரிக்கர் என்பது முதலாவதாக ஒரு நேரம் காக்கும் கருவி. தூரம் அதற்கு அடுத்த தகுதியே ஆகும்.

ஒரு மில்லிவினாடியின் விலை

காரணத்தை அறிய, ஷட்டர் இயங்கும் விதத்தை முதலில் பார்ப்போம். லென்சைக் கழற்றி மாற்றக்கூடிய பெரும்பாலான காமிராக்களில், படம் பதியும் தளத்தின் முன்னே இரண்டு திரைகள் உள்ளன. முதல் திரை விலகி ஒளிக்கு வழிவிடுகிறது. குறித்த நேரம் கழிந்தபின் இரண்டாம் திரை அதே திசையில் நகர்ந்து வழியை மூடுகிறது. ஒரு திரை படத்தளத்தைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லிவினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஷட்டர் வேகம் 1/250 வினாடி என்றால், முதல் திரை புறப்பட்ட 4 மில்லிவினாடிக்குப் பின் இரண்டாம் திரை புறப்படும். முதல் திரை தன் பயணத்தை முடிக்க 3 மில்லிவினாடி போய்விட்டது. ஆகவே படத்தளம் முழுவதும் திறந்திருப்பது எஞ்சிய 1 மில்லிவினாடி மட்டுமே. பிளாஷ் ஒளிர்ந்து முடிய வேண்டியது அந்தச் சிறு இடைவெளிக்குள்தான். 1/200 வினாடியில் இந்த இடைவெளி 2 மில்லிவினாடி. 1/125 வினாடியில் 5 மில்லிவினாடி. 1/500 வினாடியில் இடைவெளியே இல்லை. முதல் திரை முழுவதும் விலகுமுன்பே இரண்டாம் திரை புறப்பட்டுவிடுகிறது. காமிராக்களுக்கு 1/200, 1/250 என்று ஒத்திசைவு வேக வரம்பு குறிக்கப்படுவது இதனால்தான்.

இனி, டிரிக்கர் தன் வேலையைச் செய்ய அரை மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது என்று கொள்வோம். கையடக்கப் பிளாஷ் முழு ஆற்றலில் ஒளிர ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகும். இரண்டும் சேர்ந்தால் 1.5 மில்லிவினாடி. 1/250 வினாடியில் கிடைத்த இடைவெளியோ 1 மில்லிவினாடி. விளக்கு ஒளிர்ந்து முடிவதற்குள் இரண்டாம் திரை இறங்கத் தொடங்கிவிடும். காமிராவுக்குள் பிம்பம் தலைகீழாக விழுவதால், மேலிருந்து இறங்கும் திரை படத்தின் அடிப்பகுதியை மறைக்கிறது. அங்கே ஒரு கரிய பட்டை படிகிறது.

'வேகத்தை 1/125 ஆகக் குறைத்துக்கொண்டால் போயிற்று' என்று நீங்கள் சொல்லக்கூடும். அறைக்குள் அது சரி. வெயிலில் என்ன ஆகும்? ஷட்டர் இருமடங்கு நேரம் திறந்திருப்பதால் வெயிலின் ஒளி இருமடங்கு பதியும். அதைச் சரிக்கட்ட லென்சின் துளையை ஒரு படி சுருக்க வேண்டும், அதாவது எஃப்/8 இலிருந்து எஃப்/11க்கு. துளை சுருங்கும்போது பிளாஷ் ஒளியும் பாதியாகக் குறைகிறது. முன்போல் ஒளி கிடைக்க வேண்டுமானால் இருமடங்கு ஆற்றல் உள்ள விளக்கு தேவை. டிரிக்கரின் சோம்பலால் நீங்கள் இழந்தது உங்கள் விளக்கின் பாதி ஆற்றல்! விளக்குக்குப் பணம் கொடுத்து, டிரிக்கரில் அதைத் தொலைத்ததாகவே இதைக் கருத வேண்டும்.

இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? வானொலி அலையின் பயணத்தால் அன்று. அலை வினாடிக்கு 30 கோடி மீட்டர் செல்கிறது. 30 மீட்டரைக் கடக்க ஒரு மில்லிவினாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கே போதும். தாமதம் முழுவதும் கருவிகளுக்குள் நிகழ்கிறது. பரப்பி செய்தியைக் குறியீடாக மாற்ற வேண்டும். ஏற்பி அது தனக்குரியதுதானா என்று சரிபார்க்க வேண்டும். அதன்பிறகே விளக்கைத் தூண்ட வேண்டும். குறியீடு நீளமானால் தாமதம் கூடும். மிகவும் சுருங்கினால் வேறு இரைச்சலைச் செய்தி என்று எண்ணி ஏமாற நேரிடும். விரைவுக்கும் உறுதிக்கும் இடையே நல்ல உடன்பாடு கண்ட கருவியே சிறந்த கருவி எனலாம்.

நான்கு வழிகள்

முதல் வழி கம்பி. இதில் தாமதம் இல்லை, மின்கலம் தேவையில்லை, விலையும் குறைவு. கற்கத் தொடங்கும் மாணவருக்கு மேசைமேல் பூவையும் பழத்தையும் வைத்துப் படமெடுக்க இதுவே போதும். மக்கள் நடமாடும் இடத்திலோ கால் தடுக்கும், விளக்கே கவிழ்ந்துவிடும்.

இரண்டாவது ஒளிக்கண். ஒரு விளக்கின் திடீர் ஒளியைக் கண்டதும் மற்றொன்றைத் தூண்டும் எளிய அமைப்பு இது. மிக விரைவானது. நான்கு சுவர்களுக்குள் ஒருவர் மட்டும் படமெடுக்கும்போது இதில் குறைகாண இடமில்லை. ஆனால் அது யாருடைய ஒளி என்று கேட்பதில்லை. திருமண மண்டபத்தில் விருந்தினர் ஒருவர் தம் காமிராவின் பிளாஷை ஒளிர விட்டால் உங்கள் விளக்கும் சேர்ந்து ஒளிரும். தாலி கட்டும் நொடியில் உங்கள் விளக்கின் மின்தேக்கி காலியாக இருக்கும். மேலும், தானாக ஒளியளவைக் கணிக்கும் பிளாஷ்கள் படத்துக்கு முன்னால் ஒரு சிறு முன்னொளியை வீசுகின்றன. எளிய ஒளிக்கண் அதையே உண்மையான ஒளி என்று நம்பி விளக்கை முன்கூட்டியே தூண்டிவிடும். முன்னொளியைப் புறக்கணிக்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்குவது நல்லது.

மூன்றாவது குறியீட்டு ஒளி. ஒளித் துடிப்புகளாலேயே செய்தி அனுப்பும் முறை இது. கேனன் நிறுவனம் 1998இல் தன் 550 இஎக்ஸ் விளக்கிலும், நிக்கான் நிறுவனம் 2003இல் எஸ்பி-800 விளக்கிலும் இவ்வகையைக் கொண்டுவந்தன. விளக்குகளின் ஆற்றலைக் காமிராவில் இருந்தபடியே கூட்டவும் குறைக்கவும் முடிந்தது பெரிய முன்னேற்றம். ஆனால் ஏற்பியின் கண்ணுக்குப் பரப்பி தெரிய வேண்டும். தூணுக்குப் பின்னால் விளக்கை வைத்தாலும், உச்சி வெயிலில் நின்றாலும் செய்தி போய்ச் சேராமல் போகலாம். பின்னர் இவ்விரு நிறுவனங்களும் வானொலிக்கு வந்தன என்பதே இதற்குத் தக்க விமரிசனம்: கேனன் 2012இல் 600 இஎக்ஸ்-ஆர்டி விளக்கிலும், நிக்கான் 2016இல் எஸ்பி-5000 விளக்கிலும்.

நான்காவது வானொலி. சுவரைக் கடக்கும்; வெயிலைப் பொருட்படுத்தாது; அடுத்தவரின் பிளாஷுக்கு மயங்காது. நகரும் மனிதர்களைப் படமெடுப்பவர்கள் இதைத்தான் வாங்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வானொலி என்ற சொல்லே உறுதிமொழி ஆகிவிடாது.

பெட்டியில் அச்சிடாத செய்தி

2009இல் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பாக்கெட் விசார்ட் டிரிக்கர்கள் தொழில்முறைக் கலைஞர்களிடையே உறுதிக்குப் பெயர் பெற்றவை. அவ்வாண்டு அந்நிறுவனம் கேனன் காமிராக்களுக்காக, ஒளியளவையும் கட்டுப்படுத்தும் புதிய வகை டிரிக்கர்களை வெளியிட்டது. அமெரிக்காவில் அவை 344 மெகா ஹெர்ட்ஸ் அளவிலான அலையில் இயங்கின. கேனன் விளக்குகள் சிலவற்றின் உள்சுற்றுகள் அதே அலைப்பகுதியில் வானொலி இரைச்சலை உமிழ்ந்தன. ஏற்பியோ அந்த விளக்கின் அடியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. காதருகே ஒருவர் கத்திக்கொண்டிருக்கும்போது தொலைவிலிருந்து வரும் குரல் எப்படிக் கேட்கும்? தூரம் வெகுவாகக் குறைந்தது. விளக்கின்மேல் போர்த்தும் இரைச்சல் தடுப்பு உறை ஒன்றை நிறுவனமே தர நேர்ந்தது.

இதிலிருந்து நாம் கற்பது யாது? தூரம் என்பது டிரிக்கரின் தனிக் குணம் அன்று. பரப்பி, ஏற்பி, விளக்கு, காமிரா, சுற்றுப்புறம் ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அது முடிவாகிறது. பெட்டியில் அச்சிட்ட எண், தடையற்ற திறந்த வெளியில் கிடைக்கும் எண்ணாகவே இருக்கும்.

இன்று கடைகளில் கிடைப்பவற்றுள் பெரும்பாலானவை 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகின்றன. பல நாடுகளில் உரிமம் இன்றிப் பயன்படுத்தக்கூடிய பகுதி என்பதால், ஒரே கருவியை உலகெங்கும் விற்க முடிகிறது. சீனாவின் கோடாக்ஸ் நிறுவனத்தின் டிரிக்கர்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இலவசச் சாலையில் நெரிசல் இருப்பது இயல்பு. வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் இதே பகுதியில்தான் இயங்குகின்றன. இதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 433 மெகா ஹெர்ட்ஸின் அலைநீளமோ 69 சென்டிமீட்டர். நீண்ட அலை தடைகளைச் சுற்றி எளிதாக வளைந்து செல்லும். குறுகிய அலையை, பெரும்பகுதி நீரால் ஆன மனித உடல் நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே திறந்த வெளியில் 100 மீட்டர் சென்ற செய்தி, கூட்டம் நிறைந்த மண்டபத்தில் 15 மீட்டரில் தடுமாறினால் வியப்பில்லை. 'சேனல்' எனப்படும் அலைத்தடங்கள் பல இருப்பதும், ஒரே நிறுவனத்தின் கருவியை வைத்திருக்கும் இருவரைப் பிரித்தறிய அடையாள எண் வைக்கும் வசதியும் தூரக் கணக்கைவிட முக்கியமானவை.

தூரம் ஒருபோதும் தேவையில்லை என்று சொல்லவில்லை. பறவைக் கூட்டருகே விளக்கை மறைத்துவைத்துத் தொலைவிலிருந்து எடுப்பவருக்கும், விளையாட்டரங்கின் கூரையில் விளக்குகளைக் கட்டுபவருக்கும் அது உயிர்நாடி. மற்றவர்களுடைய விளக்கு பெரும்பாலும் பத்து மீட்டருக்குள்தான் நிற்கிறது.

கூடுதல் வசதிகள் வேண்டுமா?

டிடிஎல் என்பது, லென்சின் வழியே வரும் ஒளியைக் காமிராவே அளந்து பிளாஷின் ஆற்றலை முடிவு செய்யும் முறை. மணமக்கள் நடந்து வரும்போது விளக்குக்கும் அவர்களுக்கும் உள்ள தூரம் நொடிக்கு நொடி மாறும். அப்போது இது பேருதவி. அசையாத பொருளுக்கு இது வேண்டியதில்லை. கையால் ஒருமுறை அமைத்த அளவு படத்துக்குப் படம் மாறாது. தவிர, தூண்டுவதற்கான மையத் தொடுமுனை பெரும்பாலான காமிராக்களில் பொதுவானது; டிடிஎல் செய்திக்கான தொடுமுனைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகின்றன. டிடிஎல் டிரிக்கரை வாங்கும்போது ஒரு குடும்பத்தோடு சம்பந்தம் செய்துகொள்கிறீர்கள். நாளை வேறு நிறுவனத்தின் காமிரா வாங்கினால் டிரிக்கரையும் மாற்ற நேரிடலாம்.

அதிவேக ஒத்திசைவு என்னும் வசதி, திரைகள் நகரும் நேரம் முழுவதும் பிளாஷை மிக வேகமாகத் துடிக்கச் செய்கிறது. இதனால் 1/250க்கு மேலும் செல்லலாம். ஆனால் பிளாஷ் ஒளியின் பெரும்பகுதி மூடிய திரையின்மேல் விழுந்து வீணாகும். சிறிய விளக்கை நடுப்பகலில் இம்முறையில் பயன்படுத்துபவர் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது.

பழைய விளக்கு வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. 1970களில் விற்பனையான விவிட்டார் 283 விளக்குகளுள் பழையவை சிலவற்றின் தூண்டு முனைகளில் 200 வோல்ட்டுக்கும் மேற்பட்ட மின்னழுத்தம் உண்டு. இன்றைய மின்னணுக் காமிரா அதைத் தாங்காமல் பழுதாகலாம். வானொலி டிரிக்கர் காமிராவை அதிலிருந்து பிரித்துக் காப்பாற்றும். ஆனால் ஏற்பி எத்தனை வோல்ட் தாங்கும் என்பதைக் குறிப்பேட்டில் பார்த்த பின்னரே இணையுங்கள்.

நீங்களே சோதிக்கலாம்

வாங்குமுன் கடையிலேயே செய்யக்கூடிய மூன்று சோதனைகள் உள்ளன.

முதலாவது, விளக்கை முழு ஆற்றலில் வைத்து, ஒரு வெள்ளைச் சுவரை 1/125, 1/160, 1/200, 1/250 வினாடிகளில் படமெடுங்கள். அறை வெளிச்சம் பதியாதபடி லென்சின் துளையைச் சுருக்கிக்கொள்ளுங்கள். எந்த வேகத்தில் அடியில் கரிய பட்டை தோன்றுகிறது என்று பாருங்கள். அதற்கு முந்திய வேகமே உங்கள் காமிரா, டிரிக்கர், விளக்கு மூன்றும் சேர்ந்த உண்மையான வரம்பு. காமிராவின் குறிப்பேடு சொல்லும் வேகம் வரை பட்டை தோன்றவில்லை என்றால் டிரிக்கர் தேறிவிட்டது.

இரண்டாவது, விளக்கைக் குறைந்த ஆற்றலில் வைத்து, ஒரு நண்பரைப் பரப்பிக்கும் ஏற்பிக்கும் நடுவே நிற்கச் சொல்லி 100 முறை தூண்டுங்கள். எத்தனை முறை ஒளிரவில்லை என்று எண்ணுங்கள். 100க்கு இரண்டு தவறுவது சிறிதாகத் தோன்றலாம். அந்த இரண்டில் ஒன்று மாலை மாற்றும் நொடியாக இருந்தால் அதை மீண்டும் நடத்தச் சொல்ல முடியுமா?

மூன்றாவது, பரப்பியைக் காமிராவில் செருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். தொடுமுனை தளர்ந்திருந்தால் உள்ளே எத்தனை நுட்பமான மின்னணுச் சுற்று இருந்தும் பயனில்லை. எங்கும் கிடைக்கும் மின்கலத்தில் அது இயங்குகிறதா என்பதையும் கேளுங்கள்.

கற்கும் மாணவர்களுக்கு என் பரிந்துரை, டிடிஎல் இல்லாத எளிய வானொலி டிரிக்கர். ஒளியளவைக் கையால் அமைக்கும் பழக்கம், ஒளி தூரத்துக்கேற்ப எப்படிக் குறைகிறது என்பதைக் கற்றுத் தரும். திருமணங்களைப் படமெடுத்துப் பிழைப்பவர், விளக்குக்குள்ளேயே ஏற்பி அமைந்த டிடிஎல் குடும்பம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உபரியாக ஒரு பரப்பியையும் பையில் வைத்துக்கொள்வது நலம். இருவருமே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு தூரம் வேலை செய்யும்?' என்பதன்று, 'என் காமிராவில், முழு ஆற்றலில், எந்த ஷட்டர் வேகம் வரை கரிய பட்டை விழாது?' என்பதே. அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவரிடம் சோதித்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். அனுமதி மறுத்தால் அடுத்த கடைக்குச் செல்லுங்கள்.