துயரும் துறவும்
கணநாத ஒபயசேகரவின் கட்டுரை ஒன்றைப் பற்றிய திறனாய்வு

துன்பத்தை ஆராயாத சமயம் உலகில் இல்லை. பிறவியையே பிணியென்றும் இறைவனை வைத்தியநாதனென்றும் போற்றுவது சைவ மரபு. வாழ்வு துக்கமயமானது என்பதனைத் தன் நால்வகை வாய்மைகளுள் முதலாவதாக வைத்தது பௌத்தம். இவ்விரு சமயத்தாரும் அயலவராய் வாழும் கண்டி மாநகரில், மனச்சோர்வு என்னும் நோயைப் பற்றிப் பேசப் புகுவோர் மருத்துவமனையையும் வழிபாட்டிடத்தையும் ஒருங்கே நோக்குதல் வேண்டும். ஆன்மிக நெறிகள் அந்நோய்க்கு மருந்தாகுமா, ஆகுமெனின் எவ்வளவிற்கு ஆகும் என்னும் வினாவை, பேராதனை ஈன்ற பேரறிஞர் ஒருவரின் கட்டுரையைத் துணைக்கொண்டு ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

கணநாத ஒபயசேகர (1930–2025) பேராதனையிற் பயின்று, அங்கே சமூகவியல் கற்பித்து, பின்னர் அமெரிக்காவிலே கலிபோர்ணியா, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகங்களில் மானிடவியற் பேராசிரியராய் விளங்கியவர். மனச்சோர்வு, பௌத்தம், இலங்கையிற் பண்பாட்டின் பணி என்னும் மூன்றனையும் தலைப்பிற் கொண்ட அவரது ஆங்கிலக் கட்டுரை, ஆதர் கிளைன்மன், பைறன் குட் ஆகியோர் பதிப்பித்த ‘பண்பாடும் மனச்சோர்வும்’ என்னும் தொகுதியில் 1985இல் வெளிவந்தது. அதிற் கூறிய கருத்தையே 1990இல் ‘பண்பாட்டின் பணி’ என்னும் நூலில் அவர் விரித்துரைத்தார்.

அக்கட்டுரையின் சாரம் இது. ஜோர்ஜ் பிறவுண், ரிறில் ஹரிஸ் என்னும் ஆங்கில ஆய்வாளர் இருவர், 1978இல் வெளியிட்ட நூலில், நம்பிக்கையிழப்பு வாழ்வு முழுவதையும் பற்றிப் படர்தலே மனச்சோர்வின் மையமென்றனர். ஒபயசேகர இதனை மறித்து ஒரு வினா எழுப்புகின்றார். வாழ்வு முழுவதும் நிலையாமையும் துக்கமுமே என்று இலங்கையில் ஒருவர் கூறுவாராயின், அவரை நோயாளரென்று கொள்வதா, நல்ல பௌத்தரென்று கொள்வதா? இழப்பினால் வரும் துயரம் அவருள்ளத்தில் தனியே மிதப்பதில்லை. கர்மம், நிலையாமை, நிருவாணம் என்னும் பொருள்களோடு பிணைந்து நிற்கின்றது. போயா நாளில் வெள்ளுடை பூண்டு சீலம் காத்து, உடலின் அசுத்தத்தைத் தியானிக்கும் முதியோரை அவர் எடுத்துக்காட்டுகின்றார். தனிமனிதனின் நோவு பலரும் ஏற்கும் பொருளாகவும் குறியீடாகவும் மாறும் இச்செயலுக்கே ‘பண்பாட்டின் பணி’ என்று பெயரிட்டார்.

இவ்வாதத்திற்கு அரண் செய்வதாக அவர் காட்டும் கற்பனை உதாரணம் நயமானது. ஆயுர்வேதம் கூறும் தாதுநஷ்டத்தின் குறிகளை நம் நாட்டு மருத்துவர் ஒருவர் பட்டியலிட்டு மேனாடு சென்று, இளைப்பு முதலிய அக்குறிகளை அங்குள்ளாரிடமும் கண்டு, தாதுநஷ்டம் உலகப் பொது நோயென்று அறிவித்தால் நகையாடுவோம். மேனாட்டார் தம் பட்டியலைக் கொண்டு நம்மை அளக்கும்போது மாத்திரம் அதனை விஞ்ஞானமென்று ஏற்பது என்ன நீதி? இவ்வினாவின் கூர்மை இன்றும் மழுங்கவில்லை. நோயாளரின் சொற்களை அவர்தம் சமயத்தினின்றும் மொழியினின்றும் பிரித்து எண்ணுதல் தகாது என்பதனை இக்கட்டுரை ஆழமாய் நிறுவியது. அவ்வளவில் நாம் அனைவரும் அவர்க்குக் கடப்பாடுடையோம்.

எனினும், இக்கட்டுரையை முழுவதும் ஏற்பதற்குத் தடைகள் மூன்று உள.

முதலாவது, துறவுள்ளத்தையும் சோர்வுற்ற உள்ளத்தையும் பிரித்தறியும் அளவுகோலை அவர் தெளிவாக வகுக்கவில்லை. நம் சைவ சித்தாந்தம் இவ்விடத்தில் துணைபுரிகின்றது. ஆன்மா பக்குவமுறும்போது இருவினையொப்பு நிகழும் என்பது சித்தாந்தம். நன்மையும் தீமையும், இன்பமும் துன்பமும் ஒரு தன்மையாய்த் தோன்றும் நடுநிலை அது. அதன்கண் அமைதி உண்டு; பிறர்பால் அன்பு உண்டு; தொண்டு செய்யும் ஊக்கமும் உண்டு. மனச்சோர்வுற்றவரிடத்தே ஒப்பு இல்லை. இன்பம் முற்றாக மறைய, துன்பம் ஒன்றே மலையாய் அழுத்துகின்றது. உறக்கமும் உணவும் கெடுகின்றன. ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்னும் எண்ணம் நெஞ்சை அரிக்கின்றது. துறவி உலகின் நிலையாமையை நினைந்து பற்றை விடுகின்றார். நோயாளரோ தம் இழிவை நினைந்து தம்மையே பற்றிக்கொண்டு வருந்துகின்றார். இருவர் வாயிலும் ‘வாழ்வு பொய்’ என்னும் ஒரே சொல் பிறத்தல் கூடும். சொல் ஒன்றாதலால் நிலையும் ஒன்றாகிவிடாது.

இரண்டாவது, பண்பாட்டின் பணி கைகூடியவர்களையே அவர் பெரிதும் நம் கண்முன் நிறுத்துகின்றார். கைகூடாதவர்கள் என்னாயினர்? 1995இல் இலங்கையிலே இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று அது. விகாரையும் கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் நிறைந்த நாட்டில் இந்நிலை! பின்னர் அவ்விகிதம் பத்தாண்டுகளில் அரைப்பங்களவு குறைந்ததற்குப் பெருங்காரணமாக ஆய்வாளர் கூறுவது, கொடிய பூச்சிகொல்லி நஞ்சுகளின் இறக்குமதியையும் விற்பனையையும் அரசு தடுத்தமையே. தற்கொலை யாவும் மனச்சோர்வினால் விளைவனவல்ல என்பது மெய். ஆயினும், துயரம் பொருள்பெற்று அடங்கும் என்று நம்பி வாளாவிருத்தல் போதாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

மூன்றாவது, பிறவுண், ஹரிஸ் நூலினின்று அவர் தம் வாதத்திற்கு முதலாகக் கொண்டது நம்பிக்கையிழப்புப் பற்றிய கருத்தேயாம். அந்நூலின் பெரும்பகுதியோ சமூகக் காரணங்களைப் பற்றியது. இலண்டனின் கம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த அவ்விருவரும், மனந்திறந்து பேச ஒருவர் இன்மை, வீட்டிற் சிறு பிள்ளைகள் மூவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் இருத்தல், வீட்டிற்கு வெளியே தொழிலின்மை, பதினொரு வயதுக்கு முன் தாயை இழத்தல் ஆகியன நோய்க்கு இடந்தருவன என்றனர். கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களின் லயக்காம்பராக்களை நினைப்பவர்க்கு இப்பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. காலையிற் கொழுந்துக் கூடையும் மாலையிற் குடிவெறியும் சுமக்கும் ஒரு தாயின் சோர்வுக்குத் தத்துவப்பொருள் காண்பதற்கு முன், அவள் சுமையின் காரணங்காண்டல் நம் கடன்.

இனி, அக்கட்டுரை தோன்றிய பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குவோம். அவற்றின் மூலமும் ஓரளவு கண்டியிலேயே உளது. உடவத்தகலைக் காட்டு ஆச்சிரமத்தில் நெடுங்காலம் வாழ்ந்த ஜெர்மானியத் துறவி ஞானபோனிக தேரர் (1901–1994), சதிபட்டானம் எனப்படும் விழிப்புநிலைத் தியானத்தை விளக்கி எழுதிய நூல் 1954இற் கொழும்பில் வெளிவந்து, பின்னர் மேனாடெங்கும் பரவிற்று. 1979இல் அமெரிக்க மருத்துவமனையொன்றில் யோன் கபற்-சின் என்பார் அத்தகைய தியானத்தைச் சமயச் சார்பின்றி நோயாளர்க்குக் கற்பிக்கத் தொடங்கினார். அதனை உளவியற் சிகிச்சையோடு இணைத்து, எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தவர்கள் சீகல், வில்லியம்ஸ், ரீஸ்டேல் என்னும் மூவர். 2000இல் வெளிவந்த அவர்களது முதற் பரிசோதனையில் 145 பேர் பங்குகொண்டனர். மும்முறையும் அதற்கு மேலும் நோயுற்றுத் தேறியவர்களிடையே நோய் மீளுதல் பெரிதும் குறைந்தது. இருமுறை மட்டும் நோயுற்றவர்களுக்கு அப்பயன் காணப்படவில்லை. 2015இல் இங்கிலாந்தில் 424 பேரை இரண்டாண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வில், இப்பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கும், மருந்தைத் தொடர்ந்து உட்கொண்டவர்களுள் 47 பேருக்கும் நோய் மீண்டது.

இவ்வெண்கள் உணர்த்துவன யாவை? தியானம் வீண் என்போர் பிழைபட்டனர். தியானம் இருக்க மருந்து எதற்கு என்போரும் பிழைபட்டனர். அப்பயிற்சி, நோய் தணிந்தவர்க்கு அது மீளாமற் காக்கும் வேலியாகவே முதலில் வகுக்கப்பெற்றது. எழுந்திருக்கவும் ஆற்றலற்றுக் கிடப்பவரிடம் மூச்சை நோக்குக என்றாலும், நாள்தோறும் நூற்றெட்டு முறை ஐந்தெழுத்தோதுக என்றாலும், இயலாமையே மிஞ்சும். பக்தியிலும் தோற்றேன் என்னும் குற்றவுணர்வும் உடன் சேரும். நோயுற்றவரைப் பார்த்து ‘முன்வினை’ என்று கூறுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். வினைக்கொள்கை, தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குத் துணையாக உரைக்கப்பட்டது. பிறர் துன்பத்தைக் கண்டு கைகட்டி நிற்பதற்கு அதனைச் சாக்காகக் கொள்ளுதல் சமயநெறியன்று.

நம் மரபே இதற்குச் சான்று. பகவற்கீதையின் முதல் அத்தியாயத்திற்கு அர்ச்சுன விஷாத யோகம் என்று பெயர். வில் நழுவி, உடல் நடுங்கி நின்றவனைக் கண்ணன் துறவியென்று வியந்து விடவில்லை. அருகிருந்து, கேட்டவற்றுக்கெல்லாம் விடையிறுத்து, மீண்டும் செயலில் நிறுத்தினான். வாழ்வை வெறுத்து அண்ணாமலைக் கோபுரத்தினின்று வீழ்ந்த அருணகிரிநாதரை முருகன் கையேந்திக் காத்தான் என்பது கர்ணபரம்பரை. வீழ்வோரைத் தாங்கும் கையே அருளென்று அவ்வரலாறு கற்பிக்கின்றது.

ஆதலின், ஒபயசேகரவின் கொள்கையைத் தள்ளாது திருத்திக்கொள்ளுதலே அறிவுடைமை. பண்பாடு துயரத்திற்குப் பொருள் தரும். ஆயின் அப்பணி தானாக நிகழாது, செய்வோர் வேண்டும். கட்டுக்கலைச் செல்வவிநாயகர் கோயிலாயினும், தோட்டத்து மாரியம்மன் கோயிலாயினும், கூட்டுப்பிரார்த்தனைக்குப் பின் ஒரு நாழிகை ஒருவரையொருவர் மனந்திறந்து கேட்டற்கு இடமளிக்குமாயின், கம்பர்வெல் ஆய்வு காட்டிய குறைகளுள் ஒன்று அங்கே நிறைவெய்தும். பண்ணிசையும் தொண்டும் சோர்ந்தவரைச் சிறுகச் சிறுகச் செயலுக்கு அழைத்துவரும். உறக்கமும் உணவும் கெட்டு இரு வாரம் கடந்தவரையும், சாவைப் பற்றிப் பேசுபவரையும் காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் கடமையைக் குருக்களும் ஆசிரியரும் உறவினரும் ஏற்றல் வேண்டும்.

மாணவரின் மௌனத்தையும், பிள்ளையின் பாடக்கொப்பியில் ஒப்பமிடவும் மறந்த பெற்றோரின் தளர்ச்சியையும் முதலிற் காண்பவர் பெரும்பாலும் பாடசாலை ஆசிரியரே. அதனைப் பராமுகமென்று கடிவதா, நோயின் குறியோவென்று வினவுவதா என்பது அவர் கையில் உளது. நூலறிவு வாழ்வுக்கு உதவுமிடம் இதுவெனின் மிகையாகாது. வைத்தியநாதனைத் தொழுதலும் வைத்தியரை நாடுதலும் ஒரே அருளின் இரு வாயில்கள் என்பதனை நம் இளைஞர் உணர்ந்து, உணர்த்துவார்களாக.