பச்சைத் தண்ணீரும் ஒரு கடைச்சீட்டும்

வழக்கமாக இங்கே புத்தகங்களைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தத் தடவை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பக்கக் காகிதம்.

நியூ ஜெர்சியில் நாங்கள் வாங்கிய வீட்டோடு பின்பக்கத்தில் ஒரு நீச்சல்குளமும் சேர்ந்து வந்தது. 15,000 கேலன், அதாவது சுமார் 57,000 லிட்டர். குளிர்காலம் முழுக்க மூடிக்கிடந்த கவரை மே மாதக் கடைசியில் எடுத்துப் பார்த்தால், உள்ளே இருந்தது தண்ணீர் மாதிரியே இல்லை. முருங்கைக்கீரையை அரைத்துக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பாட்டிலில் அள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். மெஷினில் வைத்துச் சோதித்து ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். “இதுபடி செஞ்சா மூணு நாள்ல தெளிஞ்சிடும்” என்றார் கல்லாவில் இருந்த பையன்.

தெளியவில்லை. பச்சை வெளிறி, சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி ஆகி, ஒரு வாரத்தில் மறுபடி பச்சையானது. அப்புறம்தான் அந்தத் தாளை உட்கார்ந்து ஒழுங்காகப் படித்தேன்.

தாளின் மேல்பாதியில் எண்கள்: குளோரின் 0, பிஎச் 7.6, காரத்தன்மை 70, சயனூரிக் அமிலம் 80. கீழ்ப்பாதியில் வாங்க வேண்டிய பட்டியல்: ஷாக் பவுடர் மூன்று பை, தாமிரம் கலந்த பாசிக்கொல்லி, பாஸ்பேட் நீக்கி, கலங்கல் தெளிவிக்கும் திரவம், காரத்தன்மையைக் கூட்டும் பவுடர். என் முதல் குற்றச்சாட்டு இதுதான்: மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றோடொன்று பேசவே இல்லை.

சயனூரிக் அமிலம் என்பது குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றும் பொருள். அது இல்லாவிட்டால் திறந்தவெளிக் குளத்தில் போடுகிற குளோரின் ஒரு பகல்கூடத் தாங்காது. ஆனால் அந்தக் காவலுக்கு ஒரு விலை உண்டு. பெரும்பகுதி குளோரினை அது தன்னோடு பிணைத்து வைத்துக்கொள்ளும். பாசியைக் கொல்லும் வடிவத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். பாஸ்புக்கில் இருக்கிற தொகையெல்லாம் கையில் இருக்கிற காசாகுமா? 1974இல் ஓ’பிரையன், மாரிஸ், பட்லர் மூவரும் இந்தச் சமநிலைக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஐம்பது வருஷம் ஆகிறது. கடைத் தாளுக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

சொந்தமாகக் குளம் பராமரிக்கிறவர்கள் அனுபவத்தில் வைத்திருக்கும் விதி எளிமையானது: பாசி பிடித்த குளத்தில் குளோரின் அளவு, சயனூரிக் அமில அளவில் சுமார் 40% இருக்க வேண்டும். அமிலம் 30 என்றால் குளோரின் 12. அமிலம் 50 என்றால் 20. எனக்கு 80, ஆக 32 வேண்டும். தாள் தந்த மூன்று பை, ஒவ்வொன்றும் ஒரு பவுண்டு டைகுளோர், என் குளத்தில் சுமார் 13 பிபிஎம்தான் தரும். தேவையில் பாதிகூட இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், டைகுளோருக்குள்ளேயே சயனூரிக் அமிலம் இருக்கிறது. 10 பிபிஎம் குளோரின் போட்டால் 9 பிபிஎம் அமிலமும் கூடவே சேரும். மூன்று பையும் கொட்டி முடித்தபோது என் 80, சுமார் 92 ஆகியிருந்தது. பள்ளத்தை மூடக் கொடுத்த மண்வெட்டி இன்னும் தோண்டிவிட்டது!

அந்த 80 எங்கிருந்து வந்தது? மிதவையில் போடும் ட்ரைகுளோர் மாத்திரைகளிலிருந்துதான். அதில் 10 பிபிஎம் குளோரினுக்கு 6 பிபிஎம் அமிலம். தினம் 2 பிபிஎம் வீதம் 100 நாள் போட்டால் 120 பிபிஎம் அமிலம். குளோரின் செலவாகிவிடும், அமிலம் தண்ணீரிலேயே தங்கிவிடும். முந்தைய வீட்டுக்காரர் செய்த ஒரே தப்பு, மாத்திரை டப்பாவில் எழுதியிருந்தபடி நடந்துகொண்டதுதான்.

மற்ற பாட்டில்களுக்கு வருவோம். தாமிரம் பாசியைக் கொல்லும், உண்மை. ஆனால் அது ஆவியாகிப் போகாது. அளவு மீறினால் சுவரில் கறை படியும், பொன்னிற முடிக்காரர்கள் தலை பச்சையாகும். பாஸ்பேட் நீக்கி பெரும்பாலும் லாந்தனம் உப்பு; அது பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாகத் திரிந்து தண்ணீரைக் கலக்கும். ஏற்கெனவே கலங்கிய தண்ணீருக்கு இது எதற்கு? பாஸ்பேட் பாசிக்குத் தீனி என்பது சரி. குளோரின் போதுமானதாக இருந்தால் தின்ன பாசி இருக்காதே!

தெளிவிக்கும் திரவத்தை மட்டும் நான் முழுக்கத் திட்ட மாட்டேன். நம் ஊரில் பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டால் மண் அடியில் படிகிறதே, ஏறக்குறைய அதே வேலைதான். நுண்ணிய துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கி ஃபில்டரில் சிக்க வைக்கும். ஆனால் அது கடைசி நாள் வேலை. பாசி உயிரோடு பெருகிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் காசுதான் கரையும். காரத்தன்மை 70 என்பது அவசரமே இல்லை. வேண்டுமென்றாலும் அந்தப் பவுடர் சமையல் சோடாதான்.

இது ஏதோ வீட்டுக்குள நிலவரம் என்று நினைக்க வேண்டாம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் உலகத்தின் கண்ணெதிரே பச்சையானது. முதலில் காரத்தன்மை குறைந்துவிட்டது என்றார்கள். பிறகுதான் வெளியே வந்தது: யாரோ 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றியிருக்கிறார்கள், அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. பக்கத்துக் குளத்தில் சுமார் 37 லட்சம் லிட்டர் தண்ணீரை மாற்ற வேண்டியதாயிற்று. அங்கேயும் கதை இதேதான். ஒரு பொருளை ஊற்றினார்கள். உள்ளே இருப்பதோடு அது என்ன செய்யும் என்று கேட்கவில்லை.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் பெரியது. எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று தாள் சொல்கிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லவில்லை. ஷாக் என்பது ஒரு பையின் பெயர் இல்லை, சில நாள் தொடர்ந்து செய்ய வேண்டிய வேலை. பாசியும் அழுக்கும் குளோரினைத் தின்றுகொண்டே இருக்கும். நாம் அளவு குறையாமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் ராப்பகலாக ஓட வேண்டும், சுவரைத் தினமும் ப்ரஷால் தேய்க்க வேண்டும், ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டும். செத்த பாசியை வெளியேற்றுவது ஃபில்டர்தான். அந்த வார்த்தையே தாளில் இல்லை.

மூன்றாவது, தாளில் ஓர் எச்சரிக்கைகூட இல்லை. ட்ரைகுளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அடியில் இருக்கும் வடிகால் மூடி கண்ணுக்குத் தெரியாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. 2011 ஜூனில் மசாசூசெட்ஸின் ஃபால் ரிவரில் பொதுக் குளம் ஒன்றில் ஒரு பெண் மூழ்கினார். தண்ணீர் அவ்வளவு கலங்கல். அவர் உடல் இரண்டு நாள் யார் கண்ணிலும் படவில்லை. குளம் திறந்தேதான் இருந்தது. கலங்கலைப் பார்க்கச் சகிக்காத விஷயமாக மட்டும் நினைக்கிறவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும்.

சரி, நான் என்ன செய்தேன்? பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டேன். (முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும் இடத்தில் வெற்றுக் குளம் ஓட்டோடு மேலே கிளம்பிவிடும்.) அமிலம் 46க்கு இறங்கியது, ஆக இலக்கு 18. அதற்கு 10% திரவக் குளோரின் முதல் தடவை சுமார் 10 லிட்டர் ஆயிற்று. இதில் சயனூரிக் அமிலமும் இல்லை, கால்சியமும் இல்லை. சொட்டு எண்ணிப் பார்க்கும் சோதனைக்கிட் ஒன்றும் வாங்கினேன். இளஞ்சிவப்பாக மாறும் சாதாரணக் கிட்டில் குளோரின் மிக அதிகமானால் நிறமே வெளுத்துப்போய், ‘குளோரின் இல்லை’ என்று பொய் சொல்லும்.

ஆறு நாள் ஆயிற்று. நிறுத்துவதற்கு மூன்று அடையாளம்: தண்ணீர் அடிவரை தெளிந்திருக்க வேண்டும், கூட்டுக் குளோரின் 0.5க்கு மேல் இருக்கக் கூடாது; இருட்டிய பின் அளந்த குளோரின், மறுநாள் சூரியன் வருமுன் அளக்கும்போது 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. ராத்திரி வெயில் இல்லை. அப்போதும் குளோரின் குறைகிறது என்றால் எதுவோ இன்னும் அதைத் தின்கிறது என்று அர்த்தம்.

கடைக்காரரை மோசடிக்காரர் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையன் மெஷின் சொன்னதைத்தான் சொன்னான். ஆனால் விற்கிற பொருள்களின் பட்டியலிலிருந்து எழுதப்பட்ட அறிவுரை, ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு பாட்டிலைத்தான் காட்டும். ‘பாதித் தண்ணீரை மாத்துங்க’ என்பதற்கு அலமாரியில் பாட்டில் கிடையாது. அதனால் அந்த வரி தாளில் வராது.

இந்த வருஷம் ஏப்ரலிலேயே, தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே கவரை எடுத்தேன். குளிர்ந்த நீரில் பாசி மெதுவாகத்தான் வளரும். அடி தெரிந்தது. கடைக்குப் போகவில்லை.